புதுச் சப்பாத்தோடு மலையேறியவர்

போன கிழமை பாரிசில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு குரல்.

“அக்கா, நீங்கள்தானே பத்தி எழுதுறது? ஒண்டு கேட்டா குறை நினைக்க மாட்டியளே?”

இப்படித் தொடங்கினால், குறை நினைக்கக்கூடிய கேள்விதான் வரும். “கேளும்” என்றேன்.

“குலம் அண்ணைக்குக் கால் ஏதும் வருத்தமோ? ஏன் இந்த வெக்கைக்கையும் உந்தப் பாரச் சப்பாத்தோட கடையிலை நிக்கிறார்?”

குலம் அண்ணை என்பவர் என் கணவர். லா சப்பலில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிற, தடித்த மண்ணிறத் தோல் சப்பாத்தோடு அரிசி மூட்டை இறக்குகிற ஒரே கடைக்காரர் அந்தத் தெருவில் இவர்தான். கட்டட வேலைக்கு மாறிவிட்டாரா என்று கேட்காத ஆள் இல்லை.

“அது மான் வேட்டைக்கு வாங்கினது” என்றேன்.

அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது. “அக்கா எப்பவும் பகிடிதான்!” என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் பக்கம் போய்விட்டது.

பகிடி இல்லை. கேளுங்கள்.

எங்கள் மகள் தர்சினி கட்டியிருப்பது ஒரு பிரெஞ்சுப் பிள்ளையை. பெயர் தோமா. தோமாவின் தாய் தகப்பன் — மொனிக், ஜெரார் — வோஜ் மலைப்பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். ஜெரார் மர ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நெடிய மனிதர், பேச்சு குறைவு.

என்னவரும் பேச்சுக் குறைந்தவர்தான். அதிலும் பிரெஞ்சில் என்றால் கடைக்குத் தேவையான அளவு மட்டும். ஆகவே கலியாணத்தில் சம்பந்திகள் இருவரும் செய்தது ஒன்றே ஒன்று — ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கும் சிரித்தார்கள். அதற்கடுத்த பிறந்தநாளுக்கும் சிரித்தார்கள். தர்சினிக்கு அது கவலை.

“அம்மா, எத்தினை வருசத்துக்கு இப்பிடிச் சிரிச்சுக்கொண்டே இருக்கப் போயினம்?”

அப்படியிருக்கத்தான் போன வருடம் கோடையில் ஜெராரிடமிருந்து தொலைபேசி வந்தது. தோமாவுக்கு இல்லை, தர்சினிக்கு இல்லை… நேரே இவருக்கு! ஸ்பீக்கரில் போட்டு நான் மொழிபெயர்த்தேன். செப்டம்பரில் கலைமான்கள் துணை தேடி முழங்குகிற காலம் வரும். மலையில் விடியற்காலையில் அதைக் கேட்க வேண்டும். குலம் என்னோடு வேட்டைக்கு வருவாரா? துப்பாக்கி தூக்கத் தேவையில்லை. கூட நடந்தால் போதும்.

இந்த நாட்டில் இவ்வளவு காலம் இருக்கிறோம். சாப்பிட வா என்று கூப்பிட்டவர்கள் உண்டு. எங்காவது கூட்டிக்கொண்டு போகிறேன், வா என்று இவரைக் கூப்பிட்ட முதல் பிரெஞ்சுக்காரர் ஜெரார்.

“மானைச் சுடுறதையோ பாக்கப் போறியள்?” என்றேன் நான்.

“சுடேக்கை கண்ணை மூடிக்கொள்ளுவன்” என்றார். முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார் ஜெரார். சப்பாத்து. மலையில் ஈரப் பாறை, சேறு, வேர். கடைக்குப் போடுகிற சப்பாத்தோடு ஏறவே கூடாது. இன்டர்நெட்டில் வாங்கவும் கூடாது, காலில் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், தானே பாரிசுக்கு வருகிறேன் என்றார். வந்தார். கார் து லெஸ்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, லா சப்பலில் எங்களோடு தோசை சாப்பிட்டு, பின்னேரம் மூவருமாக வேட்டைச் சாமான் விற்கிற ஒரு பழைய கடைக்குப் போனோம். மொழிபெயர்ப்புக்கு நான்.

சப்பாத்து வாங்குவதில் இவ்வளவு இருக்கிறதா? எனக்குத் தெரியாது. நமக்கு நிறம், அளவு… முடிந்தது கதை.

என்னவர் உள்ளே போனதும் கறுப்பாகப் பளபளத்த ஒரு சோடியைத் தொட்டார். ஜெரார் அதை வாங்கி, அடியைத் திருப்பிப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டார்.

“இது ஊர்வலத்துக்கு. மானுக்குப் பக்கத்தில் போகிறவனுக்குப் பளபளப்பு எதற்கு?”

கடைக்காரர் பின்னேரம் வந்தது நல்லது என்றார். காலையில் கால் சிறிதாக இருக்கும். நின்று நடந்த பிறகுதான் அதன் உண்மையான அளவு தெரியும். மலையில் போடப் போகிற தடித்த சொக்ஸையே போட்டுக்கொண்டு பார்க்கச் சொன்னார். முதல் சோடி விரல்களை நெரித்தது. “கால் அகலம்” என்றார் கடைக்காரர். “ஊரிலை செருப்போட வளந்த கால், அப்பிடித்தான் இருக்கும்” என்று இவர் எனக்குச் சொன்னார். முன்பக்கம் அகன்ற இன்னொரு சோடி வந்தது. ஒரே தோலில் வெட்டியது. தையல் குறைவு, அதனால் தண்ணீர் புகாது. கணுக்காலை இறுக்கிப் பிடித்தது.

கடைக்குள்ளேயே மரத்தால் செய்த ஒரு சின்னச் சரிவு இருந்தது. அதில் ஏறி இறங்கச் சொன்னார்கள். இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடிக்கக் கூடாது. ஏறும்போது குதிக்கால் உள்ளே தூக்கக் கூடாது. இவர் ஏறினார், இறங்கினார். லேஸ் தளர்ந்திருப்பதைக் கண்ட ஜெரார், சடாரென்று முழங்காலில் குந்தி, இவருடைய காலைத் தன் தொடையில் தூக்கி வைத்து, லேஸை இழுத்துக் கட்டத் தொடங்கிவிட்டார்.

“நோ, நோ, மிசியு… வேண்டாம், வேண்டாம்!” என்னவர் காலை இழுக்கிறார், ஜெரார் விடவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் பெண்ணின் தகப்பனுடைய காலைப் பிடிப்பதா? எங்கள் சனம் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருக்கும்.

இவருடைய கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி நின்றேன்.

புறப்படும்போது கடைக்காரர் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். “இந்தத் தோல் இப்போது பலகை மாதிரி. பழக வேண்டும். தினமும் பின்னேரம் வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடவுங்கள். மலைக்குப் போகும்போது இது புதுச் சப்பாத்தாக இருக்கவே கூடாது.”

“ஓம், ஓம்” என்றார் என்னவர். ஜெரார் தோளில் தட்டினார்.

பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னெவ்வில் எங்கள் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சலோன் என்கிற ஒரு வரவேற்பறை, அதன் மூலையில் சாமித் தட்டு. வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருகிற பழக்கம் எங்களிடம் இல்லை. வீட்டுக்குள்ளே… மாட்டுத் தோல் சப்பாத்தோடு… சாமிக்கு முன்னால் நடை பழகுவதா?

“என்ன விசர்க் கதை” என்று பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

“அப்ப கீழை முற்றத்திலை போட்டு நடவுங்கோவன்.”

“இந்தக் கோலத்தோடையோ? ஆரும் கண்டா என்ன நினைப்பினம்?”

“கடைக்குப் போட்டுக்கொண்டு போங்கோ.”

“புதுச் சாமானை மீன் பெட்டி தூக்கிப் பழுதாக்கச் சொல்லுறீரோ? அந்தாள் வந்து நிண்டு தெரிஞ்செடுத்துத் தந்தது. போற அண்டைக்குப் போடுவம்.”

நமக்கு இது புதிதா? வாங்கிய சோபாவுக்குப் போர்த்திய பிளாஸ்டிக்கைக் கழற்ற மனம் வராது. நல்ல கோப்பைகள் விருந்தாளிக்காகக் கண்ணாடி அலுமாரியில் இருக்கும். அந்த விருந்தாளி வரவே மாட்டார். ஒரு பொருளைப் போற்றுவது என்றால் அதைப் பாவிக்காமல் வைத்திருப்பது என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். இவரும் அந்தச் சப்பாத்தைப் போற்றினார். இடைக்கிடை பெட்டியைத் திறந்து துணியால் துடைத்து, திரும்ப மூடி வைத்தார்.

செப்டம்பர் வந்தது. தர்சினிக்கும் தோமாவுக்கும் வேலை. நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். அடுத்த நாள் விடிய முன்னரே ஆண்கள் இருவரும் காரில் புறப்பட்டுவிட்டார்கள். வீட்டு வாசலில் நின்று புதுச் சப்பாத்தைக் கட்டியபோது இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை மாதிரி.

நானும் மொனிக்கும் குசினியில் இருந்தோம். அவர்கள் வளவில் காய்த்த பிளம் பழங்கள் ஒரு கூடை நிறைய. கொட்டை எடுத்து வெட்டிக்கொண்டிருந்தோம். வெளியே மெல்ல வெளிச்சம் வந்தது. மொனிக் சும்மா சொல்வது போலச் சொன்னார்.

“ஜெராருக்கு இது கடைசித் தடவை.”

எனக்கு விளங்கவில்லை. எதற்குக் கடைசி?

இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதாம். பனிக்காலத்தில் ஆபரேஷன். அதற்குப் பிறகு மலை ஏறுவதை மறந்துவிட வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அந்தக் காட்டில் ஒரு கிழட்டுக் கலைமான். பல வருடமாக அதன் முழக்கத்தை ஜெரார் கேட்டு வருகிறார், குரலை வைத்தே அடையாளம் சொல்வார். அவர்களுடைய வேட்டைச் சங்கத்துக்கு அந்த வருடம் ஒரேயொரு பெரிய கலைமானுக்குத்தான் அனுமதி, அதில் ஜெராரின் முறை வந்திருந்தது.

“தோமாவுக்குத் தெரியுமா?”

“பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. தோமாவுக்கு வேட்டை பிடிக்காது. வற்புறுத்தி வரவைக்க ஜெராருக்கு விருப்பமில்லை.” மொனிக் கத்தியைத் துடைத்தார். “தனியாகப் போகாதே என்றேன். குலத்தைக் கூப்பிடுகிறேன் என்றார். குலத்துக்குச் சத்தம் போடாமல் இருக்கத் தெரியும் என்றார்.”

என் கை வெட்டுவதை நிறுத்திவிட்டது.

அப்போது கார் வருகிற சத்தம் கேட்டது. மொனிக் யன்னலைப் பார்த்தார். “மிகவும் வெள்ளன வந்துவிட்டார்கள்” என்றார். அவருடைய குரலில் ஒரு நம்பிக்கை. நேரத்தோடு கிடைத்துவிட்டதோ?

கார்க் கதவு திறந்தது. ஜெரார் இறங்கி, மறுபக்கம் போய், என்னவரைத் தோளில் தாங்கி இறக்கினார். இவருடைய காலில் தோமாவின் பழைய சப்பாத்து. லேஸ் கட்டாமல் திறந்தபடி. ஒரு காலில் ஜெராரின் கழுத்துத் துணி சுற்றியிருந்தது, அதில் இரத்தம்.

மலையில் நடந்ததை, திரும்பி வருகிற ரயிலில்தான் இவர் எனக்குச் சொன்னார். ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே குதிக்கால் கடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஜெரார் திரும்பிப் பார்த்து, மெல்லிய குரலில் “சா வா?”, சுகமா, என்று கேட்டிருக்கிறார். இவர் “சா வா”, சுகம்தான், என்றிருக்கிறார். பிறகு கொப்புளம். “சா வா?” “சா வா.” கொப்புளம் உடைந்தது. சொக்ஸ் ஈரமானது. “சா வா, குலம்?” “வுய், வுய், சா வா.”

யோசித்துப் பாருங்கள்… இந்த நாட்டில் நாங்கள் முதலில் பாடமாக்கிய பதில் அது. மெத்ரோவில், வேலையில், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் — எல்லா இடத்திலும் சா வா. நோவைச் சொல்வது மரியாதை இல்லை என்று நினைக்கிறோம். அவ்வளவு தூரம் வந்து சப்பாத்து வாங்கித் தந்த மனிதரிடம் “சப்பாத்து கடிக்குது” என்று எப்படிச் சொல்வது? அவருடைய தெரிவைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

மேலே ஒரு வெளிக்குக் கிட்டப் போனபோது அது முழங்கியிருக்கிறது.

“மாடு கத்துற மாதிரி இல்லையப்பா” என்றார் இவர். “நிலத்துக்குக் கீழையிருந்து வாற மாதிரி. எனக்கு நெஞ்சுக்குள்ளை அதிர்ந்தது.”

ஜெரார் அசையாமல் நின்றாராம். பிறகு இவருடைய காதுக்குக் கிட்ட வந்து, “அவன்தான்” என்றாராம். இன்னும் ஒரேயொரு சரிவு. அதில் ஏறிவிட்டால் கண்ணுக்குத் தெரியும். கையால் வா என்று காட்டிவிட்டு ஜெரார் முன்னே போனார். இவர் காலைத் தூக்கினார். தூக்க முடியவில்லை. அப்படியே இருந்துவிட்டார்.

ஜெரார் திரும்பி வந்தார். சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தார். என்னவர் கையால் மேலே காட்டி, “நீங்கள் போங்கோ, போங்கோ” என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறார். ஜெரார் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பழக்கமில்லாத காட்டில், நடக்க முடியாத ஒரு மனிதரை விட்டுவிட்டுப் போக அவர் தயாராக இல்லை. துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். கழுத்துத் துணியைக் கழற்றிக் காலைச் சுற்றினார்.

இரண்டு பேரும் இறங்கினார்கள். ஒருவருக்குக் குதிக்கால், மற்றவருக்கு இடுப்பு. முதுகுக்குப் பின்னால் அது இன்னும் இரண்டு தடவை முழங்கியதாம்.

கீழே வந்து ஜெரார் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். அங்கே தோமாவின் பழைய சப்பாத்தும் இரண்டு சோடித் தடித்த சொக்ஸும் தயாராகக் கிடந்தன. ஒருவேளை தேவைப்படும் என்று அவர் முதலே கொண்டுவந்திருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு இவர் தலையில் அடித்துக்கொண்டார். “காருக்குள்ளையே கிடந்ததப்பா. தொடக்கத்திலை ஒரு வாய் சொல்லியிருந்தா, இறங்கி வந்து மாத்திக்கொண்டு திரும்ப ஏறியிருக்கலாம்.”

மொனிக் சொன்னதை இவருக்குச் சொல்வதா விடுவதா என்று எனக்கு ஒரே யோசனை. மறைத்தால் ஆபரேஷன் நடக்கும்போது தர்சினி வாயால் வரும். சொன்னேன். இடுப்பு, ஆபரேஷன், கடைசித் தடவை — எல்லாம்.

இவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாரிசில் இறங்குகிறபோதுதான் கேட்டார். “என்னைக் கூட்டிக்கொண்டு போகாட்டி அந்தாளுக்கு அது கிடைச்சிருக்கும், என்ன?”

“வாங்கோ, சனம் இறங்குது” என்றேன்.

அடுத்த நாளிலிருந்து அந்தச் சப்பாத்தைப் போடத் தொடங்கினார். காலில் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு கடைக்குப் போட்டுக்கொண்டு போனார். மீன் பெட்டி தூக்கினார், மழையில் நனைந்தார், சனம் சிரித்தது. நான் தடுக்கவில்லை. பனிக்காலம் முடிய அந்தத் தோல் துணி மாதிரி வளைந்தது.

பனிக்காலத்தில் ஜெராருக்கு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக. ஆனால் டொக்டர் சொன்னது சொன்னதுதான். துப்பாக்கியைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று மொனிக் தொலைபேசியில் சொன்னார்.

இப்போது திரும்பவும் செப்டம்பர். இந்தச் சனி ஞாயிறு வோஜ் போய்விட்டு வந்தோம். தர்சினியும் தோமாவும் கூட. ஜெரார் ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். இந்தத் தடவை என்னவர் சிரித்துவிட்டு நிற்கவில்லை. போய்க் கட்டிப் பிடித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, “கேட்டுச் சொல்லு பிள்ளை, நான் விடியப்புறம் அந்த இடத்துக்குப் போகலாமோ எண்டு” என்றார்.

அடுத்த நாள் விடிய முன்னரே தோமாதான் கூட்டிக்கொண்டு போனான். வேட்டை பிடிக்காத பிள்ளை, தகப்பனுடைய பாதையில் மாமனோடு ஏறியது. கடைசிச் சரிவையும் ஏறி, வெளியின் ஓரத்தில் படுத்துக் கிடந்து, தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டு இறங்கி வந்தார்கள். இரண்டு பேருக்கும் முழங்கால் முழுக்கச் சேறு.

குசினி மேசையில் தொலைபேசியை வைத்து இவர் அழுத்தினார். முதலில் காற்று. பிறகு அந்த முழக்கம், குசினி நிறைய. மொனிக் வாயைக் கையால் பொத்தினார். ஜெரார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் விரலால் காட்டினார், இன்னொரு தடவை. இன்னொரு தடவையும் கேட்டார்.

பிறகு கண்ணைத் திறந்து, என்னவரின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார். “அழகான குரல், குலம். இளசு. ஆனால்… இது அவன் இல்லை.”

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. இவருக்கு விளங்கிவிட்டது.

“போன வருசம் அவன்தான்” என்றார் இவர், தன்னுடைய உடைந்த பிரெஞ்சில். “நான்… மன்னிக்க வேணும்.”

ஜெரார் கையை விடவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. “நீ சொல்லியிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை. ஆனால் அந்த மனிதர் ஒரு வருடம் முழுக்க அதை மனதில் வைத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மொனிக் கோப்பி ஊற்றினார். எல்லோரும் குடித்தோம்.

ஆகவே, வாசகர்களே… கால் நொந்தால் சொல்லிவிடுங்கள். முதல் ஏற்றத்திலேயே.